கணவாய் மட்டும் விற்றது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடிகிறவரைக்கும் நீங்கள் அதையே நினைத்துக் கவலைப்படுவீர்கள். மீன் விற்கிற வேளாங்கண்ணிக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. இன்றைக்குக் காலையில்கூட எங்கள் தெருவில் கூவிக்கொண்டுதான் போனாள். ஆகவே அவள் தொண்டையைப் பற்றிய பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். குரல் இல்லாத நாட்களில் அவளுடைய மூன்று தெருக்களும் அவளை விட்டுப் போகப் பார்த்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வேளாங்கண்ணிக்கு ஊர் கடற்கரையிலுள்ள மணக்குடி. வயது ஐம்பத்திரண்டு. கரையில் மீன் எடுத்து, வேறு நாலைந்து பெண்களோடு ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறி, சுசீந்திரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் முக்கில் இறங்குவாள். சருவம் என்று நாங்கள் சொல்கிற அலுமினிய மீன் பாத்திரம் தலைக்கு ஏறும். பிறகு மூன்று தெருக்கள், அறுபது வீடுகளுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தேழு வருஷமாக இந்த நடை.

எங்கள் ஊரில் மீன் வாங்குவது காதால்தான். யாரும் வாசலில் வந்து காத்து நிற்பதில்லை. அடுப்படியில் நிற்கும்போதும், துணி அலசும்போதும் ஒரு காது தெருவில் இருக்கும். அவள் முதலில் வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அடுத்து மீனின் பெயர். "பகவதியம்மா... சாளை, நெத்திலி!" வேண்டுமென்றால் உள்ளேயிருந்து "நில்லு" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் சருவத்தை இறக்குவாள். கேட்காவிட்டால் அடுத்த வீடு. அவ்வளவு பாரத்தை வாசலுக்கு வாசல் இறக்கி ஏற்ற எந்தக் கழுத்தாலும் முடியாது.

போன வருஷம் அவள் குரல் கம்மத் தொடங்கியது. கருப்பட்டியும் மிளகும் தின்று பார்த்தாள். கடைசியில் டாக்டர் ஒரு குழாயை விட்டுப் பார்த்து, குரல் வருகிற இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். இருபத்தேழு வருஷம் கூவியதன் முடிச்சு. எடுத்துவிடலாம், பயமில்லை. ஆனால் எடுத்த பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது. ரகசியம் பேசுகிறதுபோல்கூட பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். மூன்று மாதம் கூவவே கூடாது.

வேளாங்கண்ணிக்கு ஆப்பரேஷனைவிட அந்த மூன்று மாதம்தான் பெரிதாக இருந்தது. ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஜெஃப்ரின் என்று ஒருத்தன் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எங்கள் மூன்றாம் தெரு வழியாக மீன் விற்க வந்துகொண்டிருந்தான். நல்ல பையன், நல்ல மீன். வேளாங்கண்ணி மூன்று மாதம் வராவிட்டால் மூன்று தெருவுக்கும் அவன்தான் மீன்காரன் என்று ஆகிவிடும். அதன் பிறகு குரல் வந்து என்ன, வராமல் என்ன?

இந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டு அவள் போன வீடு நேசபாயின் வீடு. பகவதியம்மாளின் வீட்டுக்கு அடுத்த வீடு. நேசபாய் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, மனது தங்கம். அவள் மகள் ஜெஸ்பின் வீட்டு முன்னறையில் கணினி வைத்து வேலை செய்கிறவள்.

அவள் வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். கோட்டாற்றில் ஒரு ஸ்டுடியோவில் கிறிஸ்தவப் பாட்டுகள் பதிவு செய்வார்கள். பாடுகிறவர் ஒரே சரணத்தை ஒன்பது தடவை பாடுவார். அந்த ஒன்பதும் ஜெஸ்பினுக்கு வரும். மூன்றாம் தடவையில் முதல் வரி நன்றாயிருக்கும், ஏழாம் தடவையில் இரண்டாம் வரி, ஒரே ஒரு எழுத்து மட்டும் ஐந்தாம் தடவையில். அவள் அதையெல்லாம் வெட்டி எடுத்து ஒரே மூச்சில் பாடியதுபோல ஒட்டிவிடுவாள். திரையில் குரல் அலை அலையாக மேலும் கீழும் ஓடும். நடுவில் ஒரு கோடு. அலை அந்தக் கோட்டைக் கடக்கிற இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு நூல் தள்ளி வெட்டினாலும் 'டிக்' என்று கேட்டுவிடும். வெட்டின இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை ஏற்றி, இது தேயத் தேய அது வளர்கிற மாதிரி வைத்தால் ஒட்டு தெரியாது.

"ஒட்டு எங்கன்னு கண்டுபிடிச்சா எனக்க காத அறுத்துத் தாரேன்" என்பாள்.

"ஊருக்கெல்லாம் காது குடுக்கா. வீட்டுல அம்மா கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பாள் நேசபாய்.

வேளாங்கண்ணி அப்போது மிச்சமிருந்த கரகரக் குரலில் கேட்டாள்: "ஏட்டி ஜெஸ்பினே, எனக்க சத்தத்த பிடிச்சு வைக்க முடியுமா? பாட்டு மாதிரி. மூணு மாசத்துக்கு மட்டும்."

"முடியும் அக்கா. ஆனா சும்மா உண்மையச் சொன்னா என்ன? தொண்டையில ஆப்பரேஷன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"சொல்லாதே, உனக்குப் புண்ணியமாப் போவும். சீக்குக்காரி மீன் விக்கான்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா தீந்துது. எனக்குத் தொண்டையில முடிச்சுன்னு சொன்னா, ஊரு அத எங்கெங்கியோ கொண்டு போய் முடியும்."

எங்கள் ஊரைப் பொறுத்தவரை மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அது இருந்தது. ஊருக்குச் சொல்ல, தூத்துக்குடியில் மகளுக்குப் பேறுகாலம் என்று ஒரு காரணம் தயாரானது.

ஆப்பரேஷனுக்கு ஐந்து நாள் முந்தி ஒரு மத்தியானம் பதிவு நடந்தது. ஜெஸ்பின் கதவைச் சாத்தி, ஃபேனை அணைத்து, மைக்குக்கு முன்னால் அவளை நிறுத்தினாள். வேளாங்கண்ணிக்கு வேர்த்து ஊற்றியது.

"சருவம் தலையில இல்லாம கூவ வரமாட்டேங்குது" என்றாள்.

நேசபாய் அடுக்களையிலிருந்து இட்லிக் கொப்பரையை எடுத்து வந்து அவள் தலையில் வைத்தாள். அதன் பிறகு வந்தது பாருங்கள் குரல். மைக் அலறிவிட்டது. ஜெஸ்பின் ஓடிப்போய் சத்தத்தின் அளவைக் குறைத்தாள்.

வீட்டுக்காரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவச் சொன்னாள். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவான பெயர்கள். அடுத்து மீன். "எல்லா மீனையும் வரிசையாச் சொல்லுங்க அக்கா, நான் வெட்டிக்கிடுகேன்." வேளாங்கண்ணி பாடம் ஒப்பிப்பதுபோல் கூவினாள்: "சாளை, நெத்திலி, அயலை, வாளை, காரல், நவரை, சூரை, கணவாய்!" ஆறு தடவை. நடுநடுவே நேசபாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க, ஜெஸ்பின் விரட்ட, இவர்கள் இரண்டு பேரும் சிரிக்க, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

மூன்று நாளில் ஜெஸ்பின் வேலையை முடித்தாள். ஆறு தடவையிலும் நல்லதாகப் பார்த்து, ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக நறுக்கி எடுத்தாள். முன்னும் பின்னும் ஒட்டியிருந்த மூச்சு, செருமல், கொப்பரைச் சத்தம் எல்லாம் போய்விட்டன. அதையெல்லாம் ஒரு போனில் கட்டம் கட்டமாக ஏற்றினாள். சாளைப் படத்தைத் தொட்டால் "சாளை" என்று கூவும். பகவதியம்மாளின் வீட்டுப் பச்சை கேட் படத்தைத் தொட்டால் "பகவதியம்மா" என்று கூப்பிடும். ஒரு சின்ன ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டு, வேளாங்கண்ணியின் தோளில் மாட்டிவிட்டாள். முந்தானையை வாய் மறையப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டாம் நாள், பேசத்தான் கூடாதே தவிர நடக்கலாம், சுமக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே வேளாங்கண்ணி முக்கில் வந்து இறங்கினாள். சருவத்தில் சாளையும் நெத்திலியும்.

ஜெஸ்பின் ஜன்னலோரம் நின்று கேட்டாள். "பகவதியம்மா..." அப்படியே வேளாங்கண்ணிதான். "சாளை... நெத்திலி..." மணி மணியாக விழுந்தது. வேளாங்கண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். உள்ளேயிருந்து "நில்லு" வரவில்லை. நகர்ந்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எங்கும் "நில்லு" இல்லை. அவள் நாலு வீடு தாண்டின பிறகு பகவதியம்மாள் சட்டியோடு கேட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொண்டுவந்த மீன் அத்தனையோடும் வேளாங்கண்ணி திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் அயலையும் சாளையும். அன்றைக்கும் அதே கதை. பூங்கனி என்று மூன்றாம் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள், வேளாங்கண்ணியின் முதுகைப் பார்த்து "ஏட்டி, வேற என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்த வேளாங்கண்ணி தலையை ஆட்டினாள். பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பூங்கனி நேரே போய் ஜெஃப்ரினின் வேனில் வாங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் கரையில் கணவாய் மட்டும்தான் கிடைத்தது. விலை கூடினது. எங்கள் தெருக்களில் எல்லாரும் வாங்குகிற சாமான் இல்லை. வேளாங்கண்ணி நம்பிக்கையை விட்டுத்தான் வந்தாள். ஆனால் இரண்டாம் தெரு முடிவதற்குள் சருவம் காலியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு "நில்லு, நில்லு" என்று சத்தம். கணவாயைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற பகவதியம்மாளே மருமகனுக்கு என்று சொல்லி வாங்கினாள்.

நாலாம் நாள் மறுபடி சாளை. மறுபடி ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அன்று வேளாங்கண்ணி நேசபாயின் வீட்டுப் பின்வாசலில் வந்து உட்கார்ந்தாள். நேசபாய் கொடுத்த கஞ்சியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அழுகிறபோதுகூட சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள், டாக்டருக்குப் பயந்து.

"இந்தக் கணவாயில மட்டும் என்ன மந்திரம் இருக்கு?" என்றாள் நேசபாய்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பகவதியம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. வேளாங்கண்ணி உட்கார்ந்திருந்த இடம் அங்கிருந்து பார்த்தால் தெரியாது.

"நேசபாயி, உனக்க சிநேகிதிக்கு மக பேறுகாலத்துக்குப் போய்ட்டு வந்த பெறவு பவுசு கூடிப்போச்சு, கேட்டியா? சாளைன்னு ஆரம்பிக்கா. சரி, அடுத்தது என்ன சொல்லப்போறான்னு அடுப்ப எரியவிட்டுட்டு காத்துக்கிட்டு நிக்கேன். சொல்லாமலே போயிடுதா. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா? சொல்ல வந்தத முழுசாச் சொல்லிட்டுப் போனா என்ன?"

"பாதியிலயா விடுதா?"

"பாதியிலதான். எனக்குக் காதா கேக்காது? அண்ணைக்குக் கணவாய் மட்டும் ஒழுங்காச் சொன்னா. அதான் வாங்குனேன்."

பகவதியம்மாள் தலையை இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்பின் முன்னறைக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டினாள். சாளையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதற்கடுத்து கணவாயை. பத்துத் தடவை கேட்டிருப்பாள். திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடிபடும். சாளை, நெத்திலி, அயலை என்று வரிசையாகச் சொல்லும்போது ஒவ்வொரு பேரின் முடிவிலும் குரல் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். இன்னும் இருக்கிறது, கேள் என்று அர்த்தம். கடைசிப் பேரில்தான் குரல் கீழே இறங்கி உட்காரும். வேளாங்கண்ணி ஆறு தடவையும் அதே வரிசையில் கூவியிருந்தாள். ஆறு தடவையும் கடைசிப் பேர் கணவாய். அது ஒன்றுதான் இறங்கி முடிந்தது. மற்ற ஏழு மீனும் தொங்கிக்கொண்டு நின்றன. வீட்டுக்குள்ளே இருப்பவர்கள் அடுத்த பேருக்காகக் காத்திருந்தார்கள். தெருவில் இவள் "நில்லு" என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இரண்டு பக்கமும் காத்திருந்தே வியாபாரம் கெட்டுப்போனது.

"ஒட்டு தெரியாம வெட்டத் தெரியும்னு பீத்துனேன்" என்றாள் ஜெஸ்பின். "வெட்டுன இடம் சரிதான். வெட்டுன சாமான்தான் தப்பு. வரிசையாச் சொல்லச் சொன்னது நானாக்கும், அக்கா. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

வேளாங்கண்ணி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். இனிமேல் கூவிக் கொடுக்கக் குரல் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் ஜெஸ்பின் கணினியிலேயே அந்த மேலேறின முனையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். அதற்கு வசதி இருக்கிறதாம். பாட்டில் சுருதி விலகினால் அப்படித்தான் இழுத்து நிறுத்துவார்களாம். இழுத்ததை நேசபாய்க்குப் போட்டுக் காட்டினாள்.

"இது ஆரு?"

"வேளாங்கண்ணி அக்கா."

"அட போட்டீ. டெலிபோன்ல, நீங்கள் அழைத்த எண்ணுன்னு பேசுவாளே, அவ மீன் விக்க வந்த மாதிரி இருக்கு."

அதுவும் போனது. அப்போதுதான் ஜெஸ்பின் அந்த முக்கால் மணி நேரத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்கும் கேட்பது என்று முடிவு செய்தாள். நடுவில் நேசபாய் எட்டிப் பார்த்துப் பேசின பேச்சையெல்லாம் அவள் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அழிக்கவில்லை, நல்லவேளை. அந்தக் குப்பைக்குள்தான் இருந்தது பொக்கிஷம்.

நேசபாய் கேட்டிருந்தாள்: "நாளைக்கி என்னட்டி கொண்டு வருவ?" அதற்கு வேளாங்கண்ணி: "வாளை." அவ்வளவுதான். இறங்கி உட்கார்ந்த வாளை. "எங்க மாமியாருக்கு எது பிடிக்கும் தெரியுமா? சூரை." "நெத்திலியத்தான் கேக்கா, பின்னே என்ன, நெத்திலி." காரலும் அயலையும் அப்படியே முழுதாகக் கிடைத்தன. மீன் தவிர, பேரம் பேசிய பேச்சும் இருந்தது. நேசபாய் வேடிக்கைக்கு விலை கேட்க, இவள் விளையாட்டுக்குப் பதில் சொன்னது. ஜெஸ்பின் அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாளைதான் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் வேளாங்கண்ணி சாளை என்று சொல்லியிருந்தாள். இரண்டு இடத்திலும் "ளை" வருகிற நேரம் பார்த்து நேசபாய் பேச ஆரம்பித்திருந்தாள்.

"அம்மா, ஒரு எழுத்து முடியிறது வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா நீ?"

"எனக்கென்ன தெரியும், நீ எழுத்து எழுத்தா அறுப்பேன்னு?"

எங்கள் பக்கம் வருஷத்தில் பாதி நாள் சாளைதான். சாளை இல்லாமல் வேளாங்கண்ணி என்ன கூவுவாள்? ஜெஸ்பின் ஒரு மத்தியானம் முழுக்க அந்த ஒரே ஒரு பெயரோடு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் கூவின சாளையிலிருந்து "சா"வை எடுத்தாள். பேச்சில் கிடைத்த வாளையிலிருந்து "ளை"யை எடுத்தாள். இரண்டிலும் நடுவில் நீளமாக ஒரு "ஆ" ஓடுகிறதல்லவா, அந்த "ஆ"வுக்குள்ளேயே எங்கேயாவது ஒட்ட வேண்டும். குரல் மேலே ஏறத் தொடங்குவதற்கு முன்னால் முதல் துண்டை நிறுத்த வேண்டும். இரண்டாம் துண்டின் அலை அதே மேட்டில், அதே சரிவில் வந்து சேர வேண்டும். போதாக்குறைக்கு, பேசும்போது வேளாங்கண்ணி நேசபாயின் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். ஆகவே "சா" பக்கத்திலும் "ளை" தூரத்திலும் நின்றன. ஒரே வார்த்தையை இரண்டு பெண்கள் சொல்கிறதுபோல் இருந்தது. தூரத்தில் நின்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள். பதினோரு தடவை ஒட்டிப் பிரித்தாள். பன்னிரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரே ஒருத்தி, ஒரே மூச்சு, சொல்லி முடித்துவிட்டாள்: சாளை.

அதே மாதிரி நவரைக்குச் சூரையின் வாலை ஒட்டினாள்.

பேச்சில் எடுத்ததெல்லாம் கூவலைவிட மெதுவாக இருந்தது. சத்தத்தை ஏற்றினாலும் தெருவுக்கு எடுபடுமா என்று அவளுக்குச் சந்தேகம். மறுநாள் வேளாங்கண்ணி வரவில்லை. காலை பத்து மணிக்கு ஜெஸ்பின் ஸ்பீக்கரைச் சுவர்மேல் வைத்து, பகவதியம்மாளின் வீட்டைப் பார்த்துத் திருப்பி, இரண்டு கட்டங்களை அமுக்கினாள்.

"பகவதியம்மா... சாளை!"

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நில்லுட்டீ!"

சட்டியும் கையுமாகப் பகவதியம்மாள் தெருவுக்கு ஓடி வந்தாள். தெருவில் ஒரு கோழி மட்டும் நின்றது.

"எங்கட்டி போனா? இப்பத்தான கூவுனா! இதுக்குள்ள பறந்து போயிட்டாளா, சாளையத் தூக்கிக்கிட்டு?"

நேசபாய் கிணற்றடியில் குத்த வைத்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெஸ்பின் சிரிக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக எத்தனையோ பாட்டுகளை ஒட்டியிருக்கிறாள். நல்லாயிருக்கு என்று பாடினவர்களைத்தான் எல்லாரும் சொன்னார்கள், அது சரிதானே, ஒட்டு தெரியாமல் இருப்பதுதானே அந்த வேலை. ஆனால் அவள் வைத்த ஒரு ஒட்டுக்கு ஒரு ஆள் "நில்லுட்டீ" என்று பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் வேளாங்கண்ணி சாளையும் நவரையும் கொண்டுவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இதுவும் பலிக்காவிட்டால் நிறுத்திவிடுவது என்று இருந்தாளாம், பிற்பாடு சொன்னாள். ஜெஸ்பினும் நேசபாயும் பத்தடி பின்னால் ஏதோ கடைக்குப் போகிறவர்கள்போல் நடந்தார்கள்.

முதல் தெருவிலேயே ஏழு "நில்லு". பகவதியம்மாள் சட்டியை நீட்டிக்கொண்டே, "நேத்து என்ன ஓட்டம் ஓடுன?" என்றாள். வேளாங்கண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை, பல்லைக் காட்டினாள். "இருவது வயசு மருமக மாதிரி நாணம் வேறயா?" என்று பகவதியம்மாள் இரண்டு மீனைக் கூட எடுத்துப் போட்டுக்கொண்டாள். வேளாங்கண்ணி முந்தானைக்குள் ஒரு கட்டத்தை அமுக்கினாள். "அதுக்கு மேல முடியாதக்கா" என்றது குரல். பகவதியம்மாள் ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டாம் தெருவும் நன்றாகப் போனது. மூன்றாம் தெருவில் ஜெஃப்ரினின் வேன் நின்றது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஆறேழு பெண்கள் சுற்றி நின்றார்கள், பூங்கனியும் அதில் ஒருத்தி. வேளாங்கண்ணி தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். திரும்பி ஜெஸ்பினைப் பார்த்தாள். ஜெஸ்பின் போ என்று கண்ணைக் காட்டினாள்.

வேனுக்கு இப்பால் வந்து நின்று அமுக்கினாள். "பூங்கனீ... நவரை!"

அந்த அலறலுக்கு நடுவிலும் பூங்கனி திரும்பினாள். பிள்ளைகளுக்கு நவரை என்றால் உயிர். "வேளாங்கண்ணி, நில்லு!" என்று பாத்திரத்தோடு வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜெஃப்ரின் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அவனும் கடற்கரைப் பிள்ளைதானே, அவன் அம்மா மூலம் விஷயம் அவன் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

"சித்தி, சத்தம் வந்துட்டா? ஆப்பரேஷன் பண்ணி மூணு மாசம் கூவப்பிடாதுன்னு அம்மா சொன்னா! டாக்டர் சொன்னதக் கேக்காம கூவுதியளா?"

வேனைச் சுற்றி நின்றவர்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வேளாங்கண்ணி அவசரமாக முந்தானையை இழுத்து மூடப் போனதில் போன் உள்ளேயிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் அதுவாகவே "சாளை!" என்று ஒரு கூவல் கூவியது. வேளாங்கண்ணியின் வாய் மூடியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

இவ்வளவு நாளும் பயந்த இடம் இதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெஸ்பின் ஓடி வந்து, தொண்டையில் முடிச்சு இருந்ததையும், அதை எடுத்துவிட்டதையும், யாருக்கும் ஒட்டுகிற நோய் இல்லை என்பதையும் மூச்சு வாங்கச் சொன்னாள். அது அவளே கூவின குரல்தான், தான் வெட்டி ஒட்டியது மட்டும்தான் என்றாள்.

பூங்கனி போனைக் குனிந்து எடுத்தாள். சேலையில் துடைத்தாள்.

"நாலு நாளா பதில் சொல்லலேன்னு உன்ன ஏசிக்கிட்டுல்லா இருந்தேன்" என்றாள். "ஏட்டி, எங்கக்கிட்டச் சொன்னா என்ன? நாங்க அவ்வளவு பொல்லாதவளுவளா?"

வேளாங்கண்ணி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப சும்மா வந்து நின்னாப் போரும், நாங்களே வந்து பாத்துக்கிடுகோம்" என்றாள் இன்னொருத்தி.

"வேண்டாம், வேண்டாம். அந்தச் சத்தம் கேக்கட்டும்" என்றாள் பூங்கனி. "அது கேட்டாத்தான் எனக்கு உலை வைக்கணும்னு நெனப்பே வரும்." போனை வேளாங்கண்ணியின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "இன்னா, எனக்க பேர இன்னொருக்கா அமத்து."

ஜெஃப்ரின் வேனை எடுத்தான். "சித்தி இந்தத் தெருவ முடிக்கட்டும். நான் சுத்தி அந்தப் பக்கம் போறேன்" என்றான். அன்றிலிருந்து மூன்று மாதமும் வேளாங்கண்ணி கடந்துபோன பிறகுதான் அவன் ஒலிபெருக்கி எங்கள் தெருவில் கேட்டது. நான் அதை மறக்கவில்லை. இன்றைக்கும் அவனிடம் வாரத்தில் ஒருநாள் சூரை வாங்குகிறேன்.

சருவம் காலியானதும் வேளாங்கண்ணி அதை நடுத்தெருவிலேயே கவிழ்த்து வைத்தாள். ஜெஸ்பினின் கையைப் பிடித்தாள். அவர்கள் கோவிலில் சுரூபம் என்கிற மாதா சிலையைத் தொட்டு முத்தி செய்வார்களே, அந்த மாதிரி, அவள் விரல்களைத் தன் உதட்டில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

"ஐயோ அக்கா, என்ன செய்யிதிய? விடுங்க" என்று ஜெஸ்பின் நெளிந்தாள்.

நேசபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் அவளுக்குக் கிண்டல்தான் வரும். "ஏட்டி வேளாங்கண்ணி, போரும். அவ என்ன சுரூபமா? சுரூபமே வைக்காத எங்க சபையில இதப் பாத்தா என்னைய ஐக்கியத்த விட்டே தள்ளிருவாவ!"

வேளாங்கண்ணி இடது கையால் ஜெஸ்பினை விடாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் போனில் ஒரு கட்டத்தைத் தேடி அமுக்கினாள்.

"வேண்டாம்னா போங்கக்கா, எனக்கு வேற ஆளு இருக்கு!"

தெருவே சிரித்தது. அது நேசபாயிடம் பேரம் பேசுகிறபோது வேளாங்கண்ணி சொன்னதுதான். ஜெஸ்பினும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டாற்றிலிருந்து அனுப்பியிருந்த பாட்டு வேலை காத்திருந்தது. ஒரு போதகரின் மனைவி பாடின பத்துத் தடவை. ஜெஸ்பின் ஹெட்ஃபோனை மாட்டினாள். கையைக் கழுவிட்டு உக்காருட்டி, மவுஸெல்லாம் மீன் நாறும் என்று நேசபாய் அடுக்களையிலிருந்து கத்தினாள்.

ஜெஸ்பினுக்குக் கேட்டது. இருக்கட்டும் அம்மா என்று சொல்லிவிட்டு, அப்படியே முதல் வெட்டை வைத்தாள்.